‘எனர்ஜி’ என்ற சொல்லை டப்பாவிலிருந்து எடுங்கள்: உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மருந்தாளுநர்களின் திறந்த மடல்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் தலைமைச் செயல் அலுவலர் அவர்களுக்கும்,

கோஎன்சைம் கியூ10 (உடலின் நொதிகளுக்குத் துணைபுரியும் ஒரு பொருள்) கேப்ஸ்யூல் டப்பா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘எனர்ஜி’, ‘இதய நலம்’. பின்பக்கம் பொடி எழுத்தில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’. பின்பக்க வரி உங்கள் 2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறை போடச் சொன்னது. முன்பக்கச் சொற்களை யாரும் தடுக்கவில்லை. இதே டப்பா மருத்துவரின் சீட்டில் ‘சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, மூன்று மாதம்’ என்று எழுதப்பட்டு மருந்துக்கடைக்கு வருகிறது. சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் நடுவில் ஒரே கவரில் வீட்டுக்குப் போகிறது. வாங்குகிறவர் கேட்பது ஒரே கேள்விதான்: “இதைச் சாப்பிட்டா சோர்வு போகுமா?” அதற்கான நேர்மையான பதில் டப்பாவின் எந்தப் பக்கத்திலும் இல்லை. கவுண்டரில் நிற்கும் நாங்கள் அந்தப் பதிலை ஒவ்வொருவருக்கும் வாய்வழியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் சொல்வதை டப்பா மறுத்துப் பேசுகிறது. அதனால் இதை உங்களுக்கு எழுதுகிறோம்.

கோளாறு ‘எனர்ஜி’ என்ற அந்த ஒரு சொல்லில் தொடங்குகிறது. 1957இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் கிரேன் மாட்டு இதயச் செல்களில் ஆற்றல் தயாரிக்கும் பகுதியான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து இந்த மஞ்சள் பொருளைப் பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டு கார்ல் ஃபோக்கர்ஸ் குழு அதன் வேதி அமைப்பைக் கண்டறிந்தது. செல்லுக்குள் உணவு எரியும்போது கிளம்பும் எலக்ட்ரான்களை ஒரு புரதக் கூட்டிலிருந்து அடுத்த கூட்டுக்குச் சுமந்து செல்வது இதன் வேலை. அது நடக்காவிட்டால் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. உருவாகாது. உயிர்வேதியியல் பாடத்தில் இதைத்தான் ஆற்றல் உற்பத்தி என்கிறார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறவரும், மதியம் மூன்று மணிக்குக் கண் சொருகுகிறவரும் தேடி வரும் தெம்பு வேறு. மூட்டை தூக்க ஆள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும் கிடங்கில் இன்னும் நாலு பேரைக் கொண்டுவந்து நிறுத்தினால், வந்து இறங்கும் மூட்டை கூடிவிடாது.

கொலஸ்ட்ரால் என்ற கொழுப்பு உருவாகும் அதே பாதையில் உடல் தனக்கு வேண்டிய கியூ10ஐத் தானே தயாரித்துக்கொள்கிறது. உணவிலிருந்து கிடைப்பது நாளொன்றுக்கு 3 முதல் 6 மில்லிகிராம்தான். 100 கிராம் மத்தி மீனில் ஐந்தாறு மில்லிகிராம் இருக்கும். அதே எடை நிலக்கடலையில் ஏறக்குறைய இரண்டரை. வயது ஏற ஏற இதயத் தசையில் இதன் அளவு குறைவது உண்மை. ஆனால், குறைந்ததை வாய்வழியாக ஊற்றி நிரப்பினால் நல்ல உடல்நிலையில் இருப்பவருக்குத் தெம்பு வரும் என்பது அதிலிருந்து தானாகக் கிளைக்கும் முடிவாகாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் இதே கேள்வியை எடுத்துப் பரிசீலித்தது. கியூ10 உட்கொள்வதற்கும் இயல்பான ஆற்றல் வளர்சிதை மாற்றத்துக்கும் காரண-விளைவுத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று முடிவு சொன்னது. ரத்த அழுத்தம் பற்றிய கூற்றுக்கும் அதே முடிவு. அங்கே டப்பாவில் போட முடியாத வார்த்தை இங்கே முதல் வரியில் நிற்கிறது.

இதனால் என்ன கேடு, விற்றுவிட்டுப் போகட்டுமே என்று நீங்கள் நினைக்கலாம். கேடு இருக்கிறது. சோர்வு ஓர் அறிகுறி. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் நாடு முழுவதும் 57 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். இரண்டு பெண்களில் ஒருவருக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருக்கும் நாட்டில், ‘சோர்வாக இருக்கிறது’ என்று கடைக்கு வரும் பெண்ணின் கையில் ‘எனர்ஜி’ கேப்ஸ்யூலைக் கொடுப்பது அவருடைய நோயை மூன்று மாதம் தள்ளிப்போடுவதாகும். கேப்ஸ்யூல் ஒன்று முப்பது ரூபாய் என்று வைத்தால் மூன்று மாதத்துக்கு 2,700 ரூபாய். அந்தப் பணத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), டி.எஸ்.எச். (தைராய்டு), மூன்று மாத சர்க்கரை சராசரி, பி12, கிரியேட்டினின் (சிறுநீரகம்) அத்தனையும் ஒருமுறை பார்த்துவிடலாம். ஹீமோகுளோபினை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமலே பார்க்கலாம்.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவருக்கு பி12 குறையும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தாமல் போட்டுக்கொண்டிருப்பவருக்கும் அப்படியே. குறட்டை விட்டுத் தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறவர் காலையில் களைத்தே எழுவார். காசநோய், தைராய்டு, மனச்சோர்வு, சிறுநீரகக் கோளாறு, ஆரம்பகட்ட இதயச் செயலிழப்பு எல்லாம் முதலில் ‘ஒரே அசதி’ என்றுதான் வரும். காரணம் தெரியாத அசதி இரண்டு மூன்று வாரம் தாண்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எடை குறைவது, மாலைக் காய்ச்சல், கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது ஆகியவற்றில் ஒன்று கூட இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. டப்பாவில் இருக்க வேண்டிய வரி இது.

பரிசோதனைக்குப் போனாலும் இன்னொரு பொறி காத்திருக்கிறது. அதை நீங்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். பயோட்டினும் ஒரு கோஎன்சைம்தான். முடிக்கும் நகத்துக்கும் தெம்புக்கும் என்று விற்கும் மாத்திரைகளில் அது 5, 10 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. ஒருவருக்கு நாளொன்றுக்குப் போதுமானதாகக் கருதப்படும் அளவு 30 மைக்ரோகிராமை ஒட்டியது. அதாவது மாத்திரையில் இருப்பது அதைப்போல முந்நூறு மடங்குக்கும் மேல் போகலாம். பல ஆய்வகக் கருவிகள் ஹார்மோனைப் பிடிக்கப் பயோட்டின் – ஸ்ட்ரெப்டாவிடின் ஒட்டும் முறையைப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் அந்த ஒட்டு குலைகிறது. டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 பொய்யாகக் கூடியும் வரும். தைராய்டு மந்தமாக இருக்கும் நோயாளியின் அறிக்கை, தைராய்டு அதிகமாகச் சுரப்பதைப் போலத் தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தைராய்டு மாத்திரையின் அளவை அதைப் பார்த்துக் குறைத்தால் அசதி இன்னும் கூடும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் சோதனையில் இதே குலைவு நடந்தால் உயிரே போகலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017இல் இதைப் பற்றி எச்சரித்தபோது ஒரு மரணத்தைக் குறிப்பிட்டது. பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக நிறுத்துங்கள், ஆய்வகத்தில் சொல்லுங்கள் என்று நாங்கள் சொல்லி அனுப்புகிறோம். எங்கள் கவுண்டருக்கு வராமல் இணையத்தில் வாங்குகிறவருக்கு இதை யார் சொல்வது?

பி6 விஷயமும் இதே ரகம்தான். நரம்புக்கு என்று விற்கும் கூட்டு மாத்திரைகளில் மெத்தில்கோபாலமினோடும் ஆல்பா லிபோயிக் அமிலத்தோடும் பிரிடாக்ஸின் (பி6) சேர்ந்திருக்கும். அளவுக்கு மேல் நீண்ட நாள் எடுத்தால் பிரிடாக்ஸினே கால் மரத்துப்போவதையும் எரிச்சலையும் உண்டாக்கும். எந்தத் தொல்லைக்காக மாத்திரை வாங்கினாரோ அந்தத் தொல்லையே வரும். அவர் அது கூடியதாக நினைத்து இன்னொரு மாத்திரை சேர்த்துக்கொள்வார். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் பெரியவர்களுக்கான மேல் வரம்பை நாளுக்கு 12 மில்லிகிராம் என்று இறக்கியது. ஆஸ்திரேலியாவில் 10 மில்லிகிராமைத் தாண்டும் தயாரிப்புகளில் நரம்புப் பாதிப்பு பற்றிய எச்சரிக்கை வரி கட்டாயம்.

கியூ10க்குத் திரும்புவோம். டப்பாவில் எழுதியிருக்கும் மில்லிகிராம் எண் எதைச் சொல்கிறது என்பதுதான் எங்களுடைய அடுத்த குறை. 100 மில்லிகிராம் என்றால் கேப்ஸ்யூலுக்குள் 100 மில்லிகிராம் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது முற்றிலும் வேறு கணக்கு. கியூ10 நீரில் கரையாது. எண்ணெயில் மட்டுமே கரையும். மூலக்கூறு பெரியது. அறை வெப்பத்தில் அது படிகமாக இருக்கும். குடல் சுவர் தனித்தனி மூலக்கூறுகளைத்தான் உள்ளே விடும், படிகத்தை விடாது. படிகம் உருக ஏறக்குறைய 48 டிகிரி வெப்பம் வேண்டும், நம் உடலோ 37 டிகிரி. ஆகவே படிகத் தூளாக வயிற்றுக்குள் போனதில் பெரும்பகுதி படிகமாகவே மலத்தில் வெளியேறுகிறது.

ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஒப்பீடு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆரோக்கியமான 14 பேருக்கு ஒரே அளவு, 100 மில்லிகிராம், ஏழு வெவ்வேறு தயாரிப்புகளில் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே தயாரிப்பில், படிகத்தைச் சூட்டில் கலைக்கும் படியை மட்டும் விட்டுவிட்டபோது ரத்தத்தில் சேர்ந்த அளவு 75 சதவீதம் விழுந்தது. மருந்து ஒன்று, எண்ணெய் ஒன்று, கேப்ஸ்யூல் ஒன்று, டப்பாவில் எழுதிய எண்ணும் ஒன்று. உள்ளே போனது கால் பங்கு. வாங்குகிறவர் இதை டப்பாவைப் பார்த்து அறிய இன்று ஒரு வழியும் இல்லை.

ஆகவே கவுண்டரில் நாங்கள் சொல்வது இவை. உலர்ந்த தூளை அழுத்திச் செய்த மாத்திரையையும் தூள் அடைத்த கெட்டிக் கேப்ஸ்யூலையும் விட, எண்ணெயில் கரைத்த மென்கேப்ஸ்யூல் பொதுவாக மேல். வெறும் வயிற்றில் போட்டால் வீண். எண்ணெயோ நெய்யோ தேங்காயோ சேர்ந்த சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். கஞ்சியும் இட்லியும் மட்டும் சாப்பிடும் காலை வேளையை விட மதியச் சாப்பாடு நல்லது. 200, 300 மில்லிகிராம் என்றால் ஒரே வேளையில் கொட்டாமல் 100, 100 ஆகப் பிரிக்க வேண்டும், ஏனெனில் அளவு கூடக் கூட உறிஞ்சப்படும் விகிதம் குறையும். சிலருக்கு இரவில் எடுத்தால் தூக்கம் கெடும். வயிற்றுப் பிரட்டலும் இளகிய போக்கும் வரலாம். ரத்தத்தில் இது உச்சத்தைத் தொடவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். எனவே விழுங்கிய அரை மணியில் சுறுசுறுப்பு வந்தது என்று யாராவது சொன்னால் அதை கியூ10 தந்திருக்க முடியாது. அந்தக் கேப்ஸ்யூலில் காஃபீனோ கிரீன் டீ சாறோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறோம்.

யுபிகுவினால் என்ற வடிவத்தை ஏறக்குறைய இரட்டை விலைக்கு விற்பது இன்னொரு குழப்பம். சாதா கியூ10இன் பெயர் யுபிகுவினோன். உடல் யுபிகுவினோனை யுபிகுவினாலாகவும் அதைத் திருப்பியும் தானே மாற்றிக்கொள்ளும். யுபிகுவினால் காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து மீண்டும் ஆரஞ்சு நிற யுபிகுவினோனாகிவிடும். பால் வெள்ளையாக இருக்க வேண்டிய கேப்ஸ்யூலை வெட்டிப் பார்த்து உள்ளே ஆரஞ்சாக இருந்தால், கொடுத்த கூடுதல் விலை போனதுதான். கரைப்பு சரியாக அமைந்த சாதா யுபிகுவினோன், கரைப்பு மோசமான யுபிகுவினாலைத் தோற்கடிக்கும். எந்த வடிவம் என்ற கேள்வியை விட, எப்படிக் கரைத்தார்கள் என்ற கேள்வி முக்கியம். மூலப்பொருள் ஈஸ்ட் நொதிப்பில் வந்ததா, புகையிலையிலிருந்து எடுக்கும் சொலனசாலை வைத்துச் செய்ததா என்பதும் தெரிய வேண்டும். இரண்டாவது வழியில் உடலில் இல்லாத சிஸ் வடிவ மாசு கலந்து வரும் வாய்ப்பு இருக்கிறது. அதையும் டப்பா சொல்வதில்லை.

அடுத்தது வெயில். இந்தச் சரக்கு சித்திரை வைகாசியில் மூடிய வண்டியில் நெடுஞ்சாலையில் வருகிறது. வெயிலில் நின்ற மூடிய வண்டிக்குள் 50 டிகிரியைத் தாண்டுவது அதிசயமில்லை. 48 டிகிரியில் கியூ10 உருகும். இரவில் குளிர்ந்ததும் மறுபடி படிகமாகும். இந்த முறை படிகம் பெரிதாகவும் கட்டியாகவும் இருக்கும். தொழிற்சாலையில் பாடுபட்டுக் கலைத்த படிகம் வழியிலேயே திரும்பி வந்துவிடுகிறது. சூடும் ஈரமும் சேர்ந்தால் கேப்ஸ்யூலின் ஜெலட்டின் மேலோடும் இறுகி, நீரில் கரையாத தோலாகிவிடும். ஒன்றோடொன்று ஒட்டிய கேப்ஸ்யூல்கள், எண்ணெய் கசிந்த அட்டை, அமுக்கினால் உள்ளே நறநறவென்று தட்டுப்படும் துகள் இவை மூன்றையும் கோடையில் நாங்கள் காண்கிறோம். வெதுவெதுப்பான நீரில் போட்டு ஒரு மணி நேரம் கழித்தும் மேலோடு உடையாத கேப்ஸ்யூல், குடலிலும் உடையும் என்று நம்ப முடியாது. டப்பாவில் இருப்பது ‘குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்ற வரி மட்டும். எத்தனை டிகிரிக்குள் என்ற எண் பல டப்பாக்களில் இல்லை. எண் இல்லாவிட்டால் வண்டிக்காரரையும் கேட்க முடியாது, மொத்த வியாபாரியையும் கேட்க முடியாது.

இனி மற்ற மருந்துகளோடு சேரும்போது வரும் பிரச்சினை. செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ அசினோகூமராலோ ஆயுள் முழுதும் சாப்பிடுகிறார்கள். சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் நம் நாட்டில் நிறைய. கியூ10இன் அமைப்பு, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே2ஐ ஒத்தது. கியூ10ஐயும் இந்த மருந்தையும் சேர்த்து எடுத்ததில், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு இறங்கியதாக நோயாளி அறிக்கைகள் உண்டு. நாளுக்கு 100 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த டென்மார்க்கின் சிறிய சோதனை ஒன்றில் மாற்றம் எதுவும் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் மைட்ரல் வால்வுக்குப் பதில் உலோக வால்வு வைத்தவருக்கு ஐ.என்.ஆர். 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்க வேண்டும்; கீழே இறங்கினால் வால்வில் ரத்தக்கட்டி உட்காரும். இவ்வளவு குறுகிய பாதையில் நடப்பவரிடம் ‘ஒரு சிறிய சோதனையில் ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்லிவிட்டு நகர முடியாது. தொடங்கிய ஒரு வாரத்திலும், நிறுத்திய ஒரு வாரத்திலும் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும், சிகிச்சை தரும் மருத்துவருக்குத் தெரியாமல் தொடங்கவே கூடாது. ‘இதய நலம்’ என்று போட்டிருக்கும் டப்பாவைத் தேடி எடுப்பவர்கள் முதலில் இதய நோயாளிகளே என்பதை எண்ணிப் பாருங்கள்.

கொழுப்பு மாத்திரை விஷயத்திலும் இப்படித்தான். ஸ்டாட்டின் என்ற அந்த மாத்திரை, கொழுப்பு உருவாகும் பாதையை அடைக்கிறது. கியூ10 உருவாவதும் அதே பாதையில்தான். ஆகவே ஸ்டாட்டினால் வரும் தசைவலிக்குக் கியூ10 மருந்து என்ற தர்க்கம் கேட்க அழகாக இருக்கிறது. 2015இல் வெளியான சோதனையில், ஸ்டாட்டினால் தசைவலி வந்தது என்று சொன்ன 120 பேருக்கு, எது எது என்று தெரியாதபடி, முதலில் சிம்வாஸ்டாட்டினும் வெற்று மாத்திரையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். சிம்வாஸ்டாட்டின் எடுத்தபோது மட்டும் வலி வந்தவர்கள் 43 பேர்தான். அவர்களுக்கு நாளுக்கு 600 மில்லிகிராம் கியூ10 கொடுத்தும் வலி குறையவில்லை. நன்மை உண்டு என்று சொல்லும் தொகுப்பாய்வும் இருக்கிறது, இல்லை என்பதும் இருக்கிறது. அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகளின் 2018ஆம் ஆண்டு கொழுப்பு வழிகாட்டி, ஸ்டாட்டின் எடுப்பவர்களுக்கு இதை வழக்கமாகக் கொடுக்கப் பரிந்துரைக்கவில்லை. தசைவலியோடு வருகிறவருக்கு வேண்டியது வேறு: தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. அளவு, தைராய்டு, வைட்டமின் டி பார்ப்பது. கிளாரித்ரோமைசின் போன்ற மருந்து இடையில் சேர்ந்ததா என்று கேட்பது. ஸ்டாட்டினின் அளவையோ வகையையோ மாற்றுவது. சிறுநீர் கறுத்துப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இவ்வளவும் படித்துவிட்டு கியூ10க்கு நாங்கள் எதிரிகள் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். ஜப்பான் இதை 1974இலேயே இதயச் செயலிழப்புக்கு மருந்தாக அனுமதித்தது. 2014இல் வெளியான சோதனை ஒன்றில் 420 இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு வழக்கமான சிகிச்சையோடு 100 மில்லிகிராம் மூன்று வேளை, இரண்டு வருடம் கொடுத்தார்கள். பெரும் இதயச் சிக்கல் கியூ10 எடுத்தவர்களில் 15 சதவீதம், எடுக்காதவர்களில் 26 சதவீதம். ஒற்றைத்தலைவலியைத் தடுப்பதிலும் 100 மில்லிகிராம் மூன்று வேளை ஓரளவு உதவலாம் என்பதற்குச் சிறிய சான்று உண்டு. மறுபக்கம் பார்க்கின்சன் நோய்க்கு 1,200, 2,400 மில்லிகிராம் என்று 600 பேரிடம் நடந்த சோதனை பயனில்லை என்று பாதியில் நிறுத்தப்பட்டது. வேலை செய்யும் இடம், செய்யாத இடம் இரண்டும் இப்படித் தனித்தனியாகத் தெரிகிற பொருள் இது. தெரிந்த பிறகும் எல்லாவற்றையும் ‘எனர்ஜி’ என்ற ஒரே சாக்கில் கட்டி விற்பதைத்தான் எதிர்க்கிறோம்.

எங்களை இதை எழுத வைத்த காரணங்களில் மிகக் கனமானது கடைசியில் வருகிறது. பிறவியிலேயே கியூ10 தயாரிக்கும் மரபணு பழுதான குழந்தைகள் இருக்கிறார்கள். ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாத சிறுநீரகப் புரத இழப்பு, தள்ளாட்டம், வலிப்பு, தசைத் தளர்ச்சி என்று அது வெளிப்படும். இந்த நோய்களில் வாய்வழிக் கியூ10தான் சிகிச்சை. சீக்கிரம் தொடங்கினால் சிறுநீரகத்தைக் காக்க முடியும் என்ற நம்பிக்கை இருக்கிறது. தாமதித்தால் போன உறுப்பு திரும்பாது. அளவு எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 5 முதல் 50 மில்லிகிராம் வரை போகும். கிலோவுக்கு 30 என்று வைத்தால் 20 கிலோ குழந்தைக்கு நாளுக்கு 600 மில்லிகிராம். அதற்குக் கிடைப்பது ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட்ட டப்பா. குழந்தையால் விழுங்க முடியாத மென்கேப்ஸ்யூல். ஊசியால் குத்திப் பிழிந்து சோற்றில் கலக்கும்போது எவ்வளவு கேப்ஸ்யூலிலேயே ஒட்டிக்கொண்டது என்று பெற்றோருக்குத் தெரியாது. உணவு என்பதால் மருந்து விலைக் கட்டுப்பாடு இதைத் தொடாது. காப்பீட்டுப் பணம் கேட்டால் ‘இது சத்துப்பொருள்’ என்று தள்ளுவதற்கும் இடம் இருக்கிறது. அந்த வீட்டுக்கு வாங்கிய தொகுதி (பேட்ச்), கால் பங்கு மட்டும் கரையும் தொகுதியாக இருந்துவிட்டால், மருத்துவர் ‘சிகிச்சைக்குப் பலனில்லை’ என்று முடிவெடுத்து நிறுத்திவிடுவார். சிகிச்சை தோற்றதா, கேப்ஸ்யூல் தோற்றதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே ஆணையத்திடம் நாங்கள் கேட்பவை இவை.

கியூ10, என்.ஏ.டி.எச். (இன்னொரு கோஎன்சைம்) உள்ளிட்ட கோஎன்சைம் தயாரிப்புகளின் டப்பாவிலும் விளம்பரத்திலும் ‘எனர்ஜி’, ‘தெம்பு’, ‘சோர்வு நீக்கி’ ஆகிய சொற்களுக்கும் அவற்றின் சாயல்களுக்கும் தடை போடுங்கள். நல்ல உடல்நிலையில் உள்ளவர்களிடம் நடத்திய சோதனையைக் காட்டுகிற நிறுவனத்துக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அதை இந்த வகைப் பொருள்கள் மீது பயன்படுத்துங்கள். தடை நடைமுறைக்கு வரும் நாளை அறிவியுங்கள். பழைய சரக்கை விற்றுத் தீர்க்க முடிவில்லாத அவகாசம் கொடுக்காதீர்கள். அந்தச் சொல் இருந்த இடத்தில், காரணம் தெரியாத சோர்வு நீடித்தால் மருத்துவரைப் பார்க்கவும் என்ற வரியை, மாநில மொழியிலும் வைக்கச் சொல்லுங்கள்.

கியூ10 எந்த வடிவம், மூலப்பொருள் எந்த வழியில் வந்தது, எந்த எண்ணெயில் கரைத்தது, படிகமாக உள்ளதா கரைந்துள்ளதா, எத்தனை டிகிரிக்குள் வைக்க வேண்டும், கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுக்க வேண்டும் என்ற குறிப்பு, இவை அத்தனையும் டப்பாவில் கட்டாயமாக வேண்டும். கூட்டு மாத்திரைகளில் ஒவ்வொரு பொருளின் மில்லிகிராமும் தனித்தனியாக வேண்டும். ‘சிறப்புக் கலவை’ என்று மொத்தமாக ஓர் எண் போடுவது செல்லாது என்று அறிவியுங்கள்.

உள்ளே எவ்வளவு இருக்கிறது என்ற சோதனையோடு, எவ்வளவு கரைகிறது என்ற சோதனையையும் ஒவ்வொரு தொகுதிக்கும் கட்டாயமாக்குங்கள். மாதிரியைத் தொழிற்சாலை வாசலில் எடுக்க வேண்டாம். மே, ஜூன் மாதங்களில் சில்லறைக் கடை அலமாரியிலிருந்தும் இணைய விற்பனைக் கிடங்கிலிருந்தும் எடுங்கள். 2023 ஆகஸ்டிலிருந்து 300 மருந்து பிராண்டுகளுக்குக் கியூஆர் குறியீடு கட்டாயமாக இருக்கிறது. இங்கும் அதே குறியீட்டை வைத்து, அதை ஸ்கேன் செய்தால் அந்தத் தொகுதியின் சோதனை முடிவு திறக்கும்படி செய்யுங்கள்.

வார்ஃபரின், அசினோகூமரால் எடுப்பவர்களுக்கான எச்சரிக்கை கியூ10 டப்பாவிலும், ரத்தப் பரிசோதனைக்கு முன் நிறுத்த வேண்டும் என்ற எச்சரிக்கை 1 மில்லிகிராமுக்கு மேல் பயோட்டின் உள்ள எல்லா டப்பாவிலும், நரம்புப் பாதிப்பு எச்சரிக்கை 10 மில்லிகிராமுக்கு மேல் பி6 உள்ள எல்லா டப்பாவிலும் கட்டம் கட்டி வர வேண்டும். இணையத்தில் விற்கும் தளங்கள் இதே எச்சரிக்கையை ‘வாங்கு’ பொத்தானுக்கு மேலே காட்ட வேண்டும்.

மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்போடு உட்கார்ந்து, பிறவிக் கியூ10 குறைபாட்டுக்கும் இதயச் செயலிழப்புக்கும் மருத்துவர் எழுதும் கியூ10ஐ மருந்துத் தரத்தில், மருந்து உரிமத்தில், குழந்தைகளுக்கான திரவ வடிவத்தோடு கொண்டுவர வழி செய்யுங்கள். அது நடக்கும்வரை அந்தக் குழந்தைகளுக்குக் கொடுக்கத்தக்க, கரைப்புச் சோதனையில் தேறிய தயாரிப்புகளின் பட்டியலை உங்கள் இணையதளத்தில் வெளியிடுங்கள். மற்ற கோரிக்கைகளுக்குக் காலம் பிடித்தாலும் இந்தப் பட்டியலுக்குப் பிடிக்க வேண்டியதில்லை.

எங்களிடம் வரும் புகாரை அனுப்ப ஒரு பக்கப் படிவம் கொடுங்கள். தயாரிப்பின் பெயர், தொகுதி எண், உரிம எண், என்ன எடுத்தார், உடன் என்ன மருந்து, என்ன நேர்ந்தது, இவ்வளவு போதும். கசிந்த அட்டையையும் ஒட்டிய கேப்ஸ்யூலையும் அனுப்பி வைக்க மாவட்டத்துக்கு ஒரு முகவரியும் வேண்டும். அனுப்பிய புகாருக்கு என்ன ஆனது என்று பதில் வர வேண்டும்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்கு என்ன காரணம் என்பதை 90 நாட்களுக்குள் எழுத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் பணிபுரியும் மருந்தாளுநர்கள்